பொட்டி வீட்டு அக்கா

ஒரே ஆகாய விமானத்தை நான் மூன்று விதமாக விழுத்தியிருக்கிறேன். முதலில் மின்னல் அடித்து விழுந்தது. பிறகு எதிரி சுட்டு விழுந்தது. கடைசியில், கீழே தொழிலாளர் குடியிருந்த லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் விழுந்துவிடக் கூடாதே என்று விமானியே அதைத் திருப்பி மலையில் மோதிக்கொண்டார். இந்த மூன்றாவதுதான் நன்றாக எடுபட்டது. கேட்ட வெள்ளைக்கார அம்மாமார் கைப்பையைத் திறந்து கைக்குட்டை தேடினார்கள்.

விமானம் விழுந்தது மத்தியானத்தில். அந்த நேரத்தில் லயத்தில் எந்தப் பிள்ளையும் தூங்காது. விழுந்த இடத்துக்கும் லயத்துக்கும் நடுவில் முழுசாக இரண்டு மலை இருக்கிறது. அதற்கெல்லாம் மேலாக, அது விழுந்த அன்று நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தில் விழுந்துகொண்டிருந்தேன். இந்தச் சில்லறை விஷயங்கள் எதுவும் என் வாயைத் தடுக்கவில்லை. அப்படிப்பட்ட மடையன் நான். இதைச் சொல்லாமல் அந்த அக்காவைப் பற்றி ஆரம்பித்தால் அவருக்கே பிடிக்காது.

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் மகன். லயத்திலேயே பிறந்து, நாலு இங்கிலீஷ் வார்த்தை படித்து, கால்சட்டை போட்டதும் அந்த நாலையும் நாற்பதாகப் பேசத் தொடங்கியவன்.

அந்தத் தோட்டத்தின் உச்சியில், சவுக்கு மரங்களுக்கு நடுவே, வெள்ளைக்காரத் துரைமார் கல்லறை இருந்தது. காய்ச்சலிலும் குதிரையிலிருந்து விழுந்தும் செத்த பழைய துரைமார்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வாசலருகே கருங்கல்லில் கட்டிய ஒரு சின்னக் கட்டடம். அந்தக் காலத்தில் துரை யாராவது செத்தால், நுவரெலியாவிலிருந்து பாதிரியார் குதிரையில் வந்து சேர இரண்டு நாளாகும். மழை பிடித்தால் நாலு நாள். அதுவரை பெட்டி நனையாமல் இருக்க இந்தக் கட்டடம். நடுவில் பெட்டி வைக்கக் கல் மேசை, ஒரு பக்கச் சுவரில் வர்ணக் கண்ணாடி ஜன்னல். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பொட்டி வீடு.

யுத்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார விமானம் பனிமூட்டத்தில் வழி தெரியாமல் எங்கள் பதினோராம் நம்பர் மலையில் மோதியது. உள்ளே நாலு பேர். யுத்தம் முடிந்ததும் துரைமார் கூடி, அவர்கள் நினைவுக்காகப் பொட்டி வீட்டைப் புதுப்பித்தார்கள். விமானத்தின் வளைந்துபோன விசிறியைச் சுவரில் மாட்டினார்கள். கல் மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நின்றுபோன கைக்கடிகாரம், ஒரு தோல் கையுறை, ஒற்றைச் சப்பாத்து. நாலு பெயர் வெட்டிய செப்புத் தகடு. வருகிறவர்கள் எழுத ஒரு தடித்த புத்தகம். அதன் பிறகு எங்கள் ஆட்கள் அதைப் பிளேன் கோயில் என்றும் சொன்னார்கள்.

அதன் சாவி அந்த அக்காவின் முந்தானையில் இருந்தது. விமானம் விழுந்த இடத்துக்கு முதலில் ஓடிப் போனவர் அவர். அந்தச் சரிவில் ஓடியதில் ஒரு முழங்கால் போய்விட்டது. கொழுந்துக் கூடை சுமக்க முடியாது. அதனால் துரை அவருக்குக் கொடுத்த லேசு வேலை இது. கூட்டுவது, செப்புத் தகட்டைப் புளி போட்டுத் துலக்குவது, யாராவது வந்தால் கதவைத் திறப்பது.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா தினமும் ஒரே பகிடியை விடுவார்.

"பொட்டி வீட்டுல எல்லாரும் வேலைக்கி வந்துட்டாங்களா?"

"நாலு பேரும் இருக்காங்க. யாரும் லீவு கேக்கல."

அக்கா சிரிக்காமல் சொல்வார். கண்டாக்கையா சிரித்து முடிப்பதற்குள் பாதி மலை ஏறியிருப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம். தான் பார்த்ததைச் சொல்வார், அதோடு நிறுத்திக்கொள்வார். கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். இதைக் கேட்டால் பெரிய குணமாகத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் தொல்லை தெரியும். "மழ வருமாக்கா?" என்று கேட்டால், "மேகம் கறுத்திருக்கு" என்பார். "அப்ப மழ வரும்?" என்றால் மறுபடியும் மேகத்தைப் பார்ப்பார். கல்லறையில் வெள்ளைக்காரப் பேய்கள் குதிரையில் வலம் வருவதாகத் தோட்டம் முழுக்க நம்பிக்கை. இரவில் அந்தப் பக்கம் போகிறவர்கள் காளியம்மனை மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். பேயோடு தினமும் புழங்குகிறவராயிற்றே என்று புதிதாய்க் கல்யாணமான பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

"உள்ள என்னக்கா இருக்கு? நெசத்தச் சொல்லுங்க."

"ஒரு கீரி இருக்கு."

"அப்புறம்?"

"அதோட குட்டி."

ஒருமுறை அந்தத் தோட்டத்துக் கங்காணியை யாரோ தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளிவிட்டார்கள். துரை விசாரணை வைத்தார். பார்த்தவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கென்று கண் தெரியவில்லை. இவரைக் கூப்பிட்டார்கள். நான்தான் மொழிபெயர்ப்பு.

"கங்காணி விழுந்ததப் பாத்தேன். தள்ளுனது யாருன்னு பாக்கல. ஏன் தள்ளுனாங்கன்னு தெரியும்."

துரைக்கு நான் முதல் இரண்டை மட்டும் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லியிருந்தால் கங்காணி மறுபடியும் கானுக்குள் விழுந்திருப்பார், இந்த முறை துரையின் கையால்.

இந்தக் குணம் அவரைக் காயப்படுத்தியும் இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டவர்களை விசாரிக்க அதிகாரி வந்தார். தோட்டத்தின் பாதி மனுக்களை எழுதியது நான். அவருடையதையும் நானே எழுதி, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதிகாரி கேட்டார், நான் தமிழில் சொன்னேன்.

"நீங்க இங்கதானே பொறந்தீங்க?"

"அப்பிடித்தான் சொன்னாங்க."

"உங்க அப்பா இங்க எப்ப வந்தாரு?"

"நா பாக்கல."

நான் மேசைக்கு அடியில் காலால் உதைத்தேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மனு தள்ளுபடி. ஒரே ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று திரும்பும் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். அவர் ரோட்டோரத்தில் காய்ந்த சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்தார். விழுந்து செத்த நாலு வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த மண்ணில் நிரந்தர இடம். அவர்களைக் கூட்டித் துடைக்கிறவருக்கு இல்லை. இதை நான் சொன்னபோதும் அவர் சுள்ளிதான் பொறுக்கினார்.

இப்படிப்பட்டவரையும் என்னையும் துரை ஒரே நுகத்தில் கட்டினார். வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அவர் சொல்வதை இங்கிலீஷில் சொல்வது என் வேலை. அவர் "பனியில விழுந்துச்சி" என்பார். நான் பனியில் ஆரம்பித்து, மின்னலைக் கூட்டி, லயத்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து, விமானியின் மனசுக்குள் போய், வியர்த்து வெளியே வர ஐந்து நிமிஷமாகும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகரும். ஜெபம் செய்கிறார் என்றுதான் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் சொன்னார்: "கிளாக்கரய்யா, நா சொன்னது ரெண்டு வார்த்த. நீங்க எண்பதுக்கு மேல போயிட்டீங்க. அதுக்கப்புறம் எனக்கு வெரல் பத்தல."

அது ஜெபம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"இங்கிலீஷ் அப்பிடித்தாங்க்கா. தமிழ்ல ஒண்ணுன்னா அதுல கூட ஆகும்."

யோசித்தார். "சரி. ஒண்ணுக்கு ரெண்டு போட்டுக்கிறேன். அதுக்கு மேல போனா, அது நா சொன்னதில்ல."

அந்தச் சலுகையை நான் ஒரு நாளும் மதிக்கவில்லை. மதித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

ஒரு வருஷம் ஆயுத பூசை. தொழிற்சாலையில் ரோலருக்கும் இஞ்சினுக்கும் சந்தனம் பூசி, கவ்வாத்துக் கத்திகளுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் இஞ்சின்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பொட்டி வீட்டில் தொங்குவதும் மெஷின்தானே? அதை மட்டும் விட்டால் குற்றமாகாதா? மிச்சச் சந்தனத்தோடு பத்துப் பேர் மலையேறினார்கள். விசிறியின் மூன்று இறக்கைக்கும் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் செருகி, சூடம் காட்டிவிட்டு வந்தார்கள். அக்கா கதவைத் திறந்துவிட்டார். பூசை வேண்டாம் என்று எந்தத் துரையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல், தொப்பி வைத்த பெரிய விமானப்படை அதிகாரி ஒருவர் வந்து நின்றார். விசிறியைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"நேத்து ஆயுத பூசை" என்றார் அக்கா.

அன்று நான் என்னையே மிஞ்சினேன். ஆண்டுதோறும் ஆயிரம் தொழிலாளர்கள் கண்ணீரோடு மலையேறி, தங்கள் பிள்ளைகளைக் காத்த நாலு வீரர்களுக்குச் செய்யும் வழிபாடு இது என்றேன். அதிகாரியின் முகம் இளகியது. இந்த அம்மாதான் முதலில் போனவரா என்று கேட்டார். நான் கேட்டேன். அக்கா "ஆமா" என்றார். அந்த ஒரு "ஆமா"வை வைத்துக்கொண்டு நான் கட்டிய மாளிகை இது: அவர் போனபோது நால்வரில் இளையவருக்கு உயிர் இருந்தது. அவர் அக்காவின் மடியில் தலை வைத்து, "தொழிலாளர்கள் யாருக்கும் அடிபடவில்லையே?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

இந்த அம்மாவுக்கு அது எப்படிப் புரிந்தது என்று அதிகாரி கேட்டார். தாயுள்ளத்துக்கு மொழி எதற்கு என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதினார்.

அவர் போன பின் அக்கா கேட்டார்: "பூசைன்னதுக்கும் ஆமான்னதுக்கும் ஒருத்தரு தொப்பிய ஏன் கழட்டுறாரு?"

"வேர்த்திருக்கும்க்கா."

"குளிருல?"

எட்டு மாதம் கழித்து, அந்த இளையவரின் அக்கா சீமையிலிருந்து கப்பலேறி வந்தார். அந்தத் தொப்பி அதிகாரி நாலு குடும்பங்களுக்கும் கடிதம் எழுதியிருந்தார். அந்த அம்மா வட்டகொடையில் ரயில் இறங்கி, காரில் வந்து, கல்லறை வாசலில் குடையோடு நின்றார். நெட்டையாக, நாற்பது வயதிருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரும் சொல்லவில்லை, அக்காவின் வெறுங்காலைப் பார்த்துத் தானாகவே கழற்றினார். தகட்டில் தம்பியின் பெயரை விரலால் தடவினார். பிறகு கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தபோது, வாசலுக்கு எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டேன்.

"இதில் என் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறது" என்றார் என்னிடம். "எனக்கு நம்பிக்கை வரவில்லை. தனக்கு அடிபட்ட நேரத்தில் வேறு யாருக்கு அடிபட்டது என்று விசாரிக்கிறவன் இல்லை அவன். நல்ல பையன், ஆனால் அப்படி இல்லை. அவனை வளர்த்தது நான். நாளைக்கு எனக்குக் கப்பல். இவர் வாயால் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன். நடந்தது எதுவானாலும் சரி, நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்."

நான் கடிதத்தை வாங்கி அக்காவுக்குத் தமிழில் படித்தேன். மடி, கேள்வி, தாயுள்ளம், ஒன்றுவிடாமல். வாழ்க்கையில் நான் செய்த நேர்மையான முதல் மொழிபெயர்ப்பு அதுதான், அதுவும் என் பொய்யை.

அக்கா கடைசிவரை கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றார். "யாரு அந்தப் பொம்பள?"

"நீங்கதாங்க்கா."

"நானா?" கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்தார். "அந்தம்மா இதக் கேட்டுட்டா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கு?"

தலையை ஆட்டினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தத் தம்பி படம் இருக்கான்னு கேளுங்க."

படம் இருந்தது. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்த முகம், முன்பல்லில் ஓர் இடைவெளி.

"இவருதான். பல்லு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நா சொல்லச் சொல்ல, அப்பிடியே சொல்லுங்க. ஒண்ணுக்கு ரெண்டு."

சொன்னார். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நானும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கட்டை விரல் கணுக்களில் நகர்ந்தது.

"பனி. சத்தம் கேட்டுச்சி. ஓடுனேன். மூணு பேரு செத்துட்டாங்க. இவரு மரத்துல சாஞ்சி உக்காந்திருந்தாரு. காலு ரெண்டும் ஒடஞ்சிருச்சி. கம்பளியப் போத்துனேன்."

அந்த அம்மா கல் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எம் வாயப் பாத்தாரு. நா வெத்தல போட்டிருந்தேன். கைய நீட்டுனாரு. குடுத்தேன்."

வெற்றிலை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அக்கா மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் காட்டி என் வார்த்தைகளை மிச்சப்படுத்தினார்.

"மென்னாரு. மூஞ்சி கோணிச்சி. சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். இன்னொன்னு கேட்டாரு. குடுத்தேன்." இங்கே நிறுத்தினார். "ரெண்டாவதுல சுண்ணாம்பு கூடிப்போச்சி. அது எந் தப்பு. அவசரத்துல அள்ளிட்டேன்."

பத்து வருஷத்துக்கு மேல் அவர் சுமந்தது இதுதான் போலிருக்கிறது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் அந்த அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. பிறகு இரண்டும்.

"மெழுகுவர்த்தியைத் தின்பான்" என்றார். "சவர்க்காரம், சுண்ணக்கட்டி, ஒருமுறை என் தொப்பியில் இருந்த காகிதப் பூ. யார் எதைத் தின்றாலும் கையை நீட்டுவான். கையை நீட்டாமல் அவன் ஒருவரையும் தின்னவிட்டதில்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிணத்தை எடுத்தவர்கள் எங்களுக்கு எழுதியபோது, வாயெல்லாம் ரத்தம் என்று எழுதினார்கள். வாயெல்லாம், நெஞ்செல்லாம். இத்தனை வருஷம் நான் அந்த ரத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

இதைத் தமிழில் சொன்னேன். அக்கா தலையை அசைத்தார்.

"ரத்தம் இல்ல. வெத்தலச் சாறு. தொடைக்கத் துணி இல்ல."

மூன்று விதமாக விழுத்தியவன் நான். மின்னலும் எதிரியும் பிள்ளைகளும் சேர்ந்து அந்த அம்மாவுக்குச் செய்யாததை ஒரு வெற்றிலை செய்து முடித்திருந்தது. அதுவும் ஒரு கேள்வி தூரத்தில் இவ்வளவு வருஷமும் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. எனக்குத்தான் ஏற்கெனவே எல்லாம் தெரியுமே.

"எம் பெருவெரலப் புடிச்சிக்கிட்டாரு" என்று முடித்தார் அக்கா. "அந்திக் கொழுந்து நிறுக்க சங்கு ஊதுனப்ப, கை விட்டிருச்சி."

பிறகு அந்த அம்மா, என்னைப் பார்க்காமல், அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார். தம்பிக்கு வலித்ததா?

நான் தமிழில் கேட்டேன். மனசுக்குள், சொல்லாதே அக்கா, சொல்லாதே என்று கும்பிட்டேன்.

"வலிச்சிச்சி" என்றார் அக்கா.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இட் ஹேர்ட்" என்றேன். அந்த முகத்தைப் பார்த்தேன். "நொட் மச்" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். நன்றி சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, சின்னப் பிள்ளைபோல், கையை நீட்டினார். அக்கா ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, பாக்கு வைத்து, சுண்ணாம்பை நகக்கண் அளவுக்குத் தொட்டு, அதிலும் பாதியை வழித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அந்த அம்மா மென்றார். முகம் கோணியது. அக்கா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கார் போன பின் அவர் கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்தார். சரிவில் இறங்கும்போது முழங்காலுக்காக நின்று நின்று வந்தார். நானும் பின்னாலேயே நின்று நின்று வந்தேன். பாதி வழியில் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, இன்னக்காவது நீங்க சொன்னத அப்பிடியே சொன்னேனா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு வார்த்த கூடிப்போச்சி."